தாடைக்குக் கீழே ஒரு விரல்

ஸ்டுடியோக்காரருக்கு வாய் சாது, கைதான் அடங்காது. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்து ஸ்டூலில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும் சரி, கேமராவுக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், திரும்பி வந்து தாடைக்குக் கீழே ஒற்றை விரலைக் கொடுத்து முகத்தை ஒரு பொடி அளவு திருப்பிவிட்டுப் போவார். ஊரையே அதட்டி வேலை வாங்கும் இன்ஸ்பெக்டர்கூட அந்த விரலுக்குப் பேசாமல் திரும்பியிருக்கிறார். "சொன்னா நானே திரும்ப மாட்டேனா?" என்று கேட்ட ஒரு வக்கீலம்மாவிடம், "சொன்னா நீங்க அதிகமாத் திரும்பிடுவீங்கம்மா" என்றார். அது உண்மைதான்.

சாவி செய்கிறவர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே குறுகலான மாடிப்படி ஏறினால் அந்த ஸ்டுடியோ. சாம்பல் நிறத் திரை, குடை விளக்குகள், கண்ணாடிக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கும் பல் உடைந்த சீப்பு. பெயர் வாங்கிக்கொடுத்தது என்னவோ குழந்தைப் படங்கள்தான். எப்பேர்ப்பட்ட அழுமூஞ்சிக் குழந்தையாக இருந்தாலும் நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'டொக் டொக்' என்பார். குழந்தை திகைத்துப் பார்க்கும். அந்த நொடியில் விரல் தாடைக்குக் கீழே போய்விடும், கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் மேலே, கண்ணில் வெளிச்சம் விழுந்ததும் 'கிளிக்'. சுவர் முழுக்க மாட்டியிருக்கும் குழந்தைகள் அத்தனையும் ஒரே பக்கம் தலை சாய்த்து ஒரே உயரத்தில் முகவாயைத் தூக்கிக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய மகள், இன்னும் பல் முளைக்காத வாயோடு.

அந்த மகள்தான் இப்போது வேலைக்குப் போய், முதல் நீண்ட விடுப்பில் அப்பாவையும் அம்மாவையும் இந்தத் தீவுகளுக்கு அழைத்து வந்திருந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் மனதில் கிடந்த இடம். கரையிலிருந்து வெகு தூரத்தில், கடலுக்குள்ளிருந்து எரிமலை கக்கிக் கக்கி உண்டாக்கிய கறுப்புத் தீவுகள். மனிதனைப் பார்த்து ஓடத் தெரியாத மிருகங்கள். தண்ணீருக்குள் முகத்தை வைத்துக் குழாயில் மூச்சுவிட்டபடி மிதந்தால் கீழே இன்னொரு உலகம். பெட்டி கட்டும்போதே அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

"அப்பா, அங்க எதையும் தொடக் கூடாது. உங்க கைய நீங்கதான் பாத்துக்கணும்."

"நான் என்ன சின்னக் குழந்தையா?"

"சின்னக் குழந்தைன்னா எனக்குக் கவலையே இல்ல" என்று சிரித்தாள். கூட வேலை பார்க்கும் சினேகிதியிடமிருந்து நீளமான லென்ஸ் ஒன்றையும் இரவல் வாங்கி வந்திருந்தாள். தூர நின்றே படம் எடுக்கலாமாம். கப்பலில் ஏறியதும் அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பையோடு அறை அலமாரியின் அடித்தட்டில் வைத்தார். தூர நின்று எடுத்தால் அது முகமா, எட்டிப் பார்த்த மாதிரி அல்லவா இருக்கும் என்பது அவர் கட்சி.

கப்பல் என்று சொன்னாலும் அது பெரிய படகுதான். அறைக்குள் ஒருவர் சட்டை மாற்றினால் இன்னொருவர் கட்டிலில் ஏறி உட்கார வேண்டும். அலை வந்தால் மேஜை இழுப்பறைகள் தானாகத் திறந்து தானாக மூடும். ஸ்டுடியோக்காரரின் மனைவி முதல் நாளே அவற்றைத் துண்டால் கட்டிப்போட்டுவிட்டாள். கூட வந்தவர்கள் கைக்கு அடங்கிய கூட்டம். அவர்களை மேய்ப்பதற்கு வழிகாட்டிப் பெண் ஒருத்தி. வெயிலில் மூக்கு உரிந்துபோய், அதட்டாமலே கேட்கவைக்கும் குரல் அவளுக்கு.

"தள்ளி நின்னு பாருங்க. அது கிட்ட வந்தா நீங்க பின்னால போங்க. கடல் சிங்கக் குட்டியத் தொடவே கூடாது. அம்மாவுக்குக் குட்டிய மோப்பத்துலதான் அடையாளம் தெரியும். உங்க கை வாசனை மேல பட்டா, தன் குட்டி இல்லன்னு போயிடலாம். வேற அம்மா எதுவும் பால் குடுக்காது. தொடறது உங்களுக்கு ஒரு நிமிஷம், அதுக்கு உயிர்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஸ்டுடியோக்காரர் எல்லோரையும்விட அழுத்தமாக ஆட்டினார்.

கூட்டத்தில் ஒருவருக்கு அம்மாவும் மகளும் 'கமெண்ட்ரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற ரயில்வே ஆள். கண்ணில் படுவதையெல்லாம் வாயில் ஓட்டிக்கொண்டே இருப்பார். "ஆமை தலையத் தூக்குது. பாக்குது. ஊஹூம், பிடிக்கல, உள்ள இழுத்துக்குச்சு." முகத்தில் வெயில் க்ரீமைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி அப்பியிருப்பார். அவரைக் கூட்டி வந்தது அவருடைய அக்கா. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பிக்குத் தலை நரைத்துப்போன பிறகும் வகுப்பு முடியவில்லை. முதல் நாளே கமெண்ட்ரி, பாறையோடு பாறையாகக் கிடந்த பெரிய ஓணான் பக்கத்தில் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கப்போய் வழிகாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஸ்டுடியோக்காரர் மகளிடம் குனிந்து, "பாத்தியா, இந்த மாதிரி ஆளுங்களாலதான்" என்றார். அந்தச் சொல் பிற்பாடு அவர் தொண்டையில் எத்தனை முறை திரும்பி வந்து நின்றது என்று அவருக்குத்தான் தெரியும்.

தண்ணீரில் இறங்க அவருக்குப் பயம். மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு குழாயைப் பல்லால் கடித்தபடி படகின் ஓரத்தில் உட்கார்ந்து, மாஸ்க்கில் நீராவி, குழாயில் தண்ணீர், காலில் பிடிப்பு என்று வரிசையாகச் சாக்குச் சொன்னார். மகள் கையைப் பிடித்து இழுத்தாள். முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் சத்தமெல்லாம் அடங்கிப்போனது. தன் மூச்சு மட்டும் குழாயில் 'உஸ்' என்று போய்வந்தது. கீழே உறைந்த எரிமலைக் குழம்பு படிக்கட்டுப் படிக்கட்டாக இறங்கியது. அதன்மேல் மஞ்சள் மீன் கூட்டம் ஒரே சமயத்தில் திரும்பியது. யார் சொல்லித் திரும்பின என்று அவருக்கு ஆச்சரியம். மகள் அவர் கையை விடவே இல்லை. மேலே வந்ததும், "இதுக்குத்தான்பா உங்களக் கூட்டிட்டு வந்தேன்" என்றாள். அப்போது அவருக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

அன்று சாயங்காலம்தான் அது நடந்தது.

கறுப்பு மணல் கரை. குளித்துவிட்டுக் கரையேறியதும் மனைவி, "கன்னமெல்லாம் கருத்துப் போகுதுங்க" என்று அவர் உள்ளங்கையில் க்ரீமைப் பிதுக்கிவிட்டாள். கழுவினாலும் போகாத வெள்ளைக் க்ரீம், படகிலேயே எல்லோருக்கும் கொடுத்தது. வழிகாட்டி முன்னால் போக, கூட்டம் பாறையைத் தாண்டித் திரும்பியது. அவர் ஷூ லேஸைக் கட்டுவதாகக் குனிந்தார். லேஸ் சரியாகத்தான் இருந்தது.

பாறை இடுக்கில் கடல் சிங்கக் குட்டி ஒன்று தேமே என்று படுத்திருந்தது. அம்மா கடலுக்கு இரை தேடப் போயிருக்க வேண்டும். சாயங்கால வெளிச்சம் பொன்னாக ஒரு பக்கம் விழுந்துகொண்டிருக்க, குட்டி முகத்தை மறுபக்கம் வைத்திருந்தது. என்ன கண்! எத்தனை பெரிய கறுப்புக் கண்! அவர் மண்டியிட்டு நாக்கைத் தட்டினார். குட்டி திகைத்துப் பார்த்தது. ஸ்டுடியோவில் பார்க்கிற அதே திகைப்பு. ஆனால் தலையைத் தாழ்த்திக்கொண்டுவிட்டது, கண்ணில் வெளிச்சம் இல்லை. இன்னும் ஒரு பொடி அளவு. விரல் போய்விட்டது. கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் மேலே, 'கிளிக்'.

விரல் ஈரமாக இருந்ததைப் பார்த்துத்தான் தொட்டதே அவருக்கு உறைத்தது. கால்சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. ஒரு விரல்தானே, ஒரு நொடிதானே என்று தனக்குத்தானே சொல்லியபடி ஓட்டமும் நடையுமாகப் போய்க் கூட்டத்தில் கலந்துகொண்டார். இரவு படுக்கையில் படத்தைப் பார்த்தபோது உள்ளுக்குள் ஒரு பெருமையும் எட்டிப் பார்த்தது. மனைவியிடமும் காட்டினார். எப்படி எடுத்தார் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அதே கரை. ரப்பர் படகின் இரண்டாம் நடையில்தான் இவர்கள் வந்தார்கள். நெருங்கும்போதே அழுகை கேட்டது. ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி, ஆனால் தொண்டை கட்டிப்போன ஆட்டுக்குட்டி. குட்டி தத்தித் தத்திப் போய்ப் பெரிய கடல் சிங்கம் ஒன்றின் வயிற்றை முட்டியது. அது குனிந்து மோந்தது. விலகியது. குட்டி மறுபடி முட்டியது. அது பல்லைக் காட்டிவிட்டுத் தள்ளிப்போய்ப் படுத்துக்கொண்டது.

வழிகாட்டி தூரக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள். கண்ணாடியை இறக்கியபோது அவள் முகம் மாறியிருந்தது.

"குட்டியோட தாடையில வெள்ளையா ஒரு கோடு இருக்கு. நம்ம க்ரீம். யாரோ தொட்டிருக்கீங்க."

ஸ்டுடியோக்காரரின் கை தானாகக் கால்சட்டைப் பைக்குள் போனது.

"நான் யாரையும் திட்டப் போறதில்ல" என்றாள் வழிகாட்டி. "எப்ப தொட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க. இன்னிக்குக் காலையில இறங்கின முதல் படகுல வந்தவங்கன்னா, குட்டி ராத்திரி பால் குடிச்சிருக்கும். அதைத் தொந்தரவு பண்ணாம ஒருநாள் விட்டுப் பாக்கலாம், அம்மா மனசு மாறலாம். நேத்து சாயந்தரமேன்னா, அது ராத்திரி பூரா பட்டினி. காவலுக்கு இருக்கறவங்க பக்கத்துத் தீவிலேருந்து இன்னிக்கே வந்தாகணும். அதுக்காகத்தான் கேக்கறேன்."

இப்படி நேராக, பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி கேட்டாள். 'நேத்து சாயந்தரம்' என்று இரண்டு வார்த்தை. ஸ்டுடியோக்காரர் வாயைத் திறந்தார். பக்கத்தில் மகள் கண் கலங்க நின்று குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருப்பா இப்படிப் பண்ணுவாங்க?" என்று அவரிடமே கேட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

எல்லார் கண்ணும் சுற்றிச் சுற்றிக் கமெண்ட்ரியின் வெள்ளை முகத்தில் போய் நின்றது. முதல் படகில் வந்தவர் வேறு.

"நான் இல்லீங்க" என்றார் கமெண்ட்ரி. "சத்தியமா நான் கிட்டயே போகல."

"ஓணான்கிட்டயும் இப்படித்தான் சொன்னே" என்றார் அக்கா.

"அது வேறக்கா."

"என்ன வேற? இந்த வயசுலயும் கை சும்மா இருக்காதாடா உனக்கு? நாலு பேர் முன்னால தலைகுனிய வைக்கறியே! ஒத்துக்கோ. ஒத்துக்கிட்டா அந்த வாயில்லா ஜீவனுக்காவது பிரயோஜனப்படும்."

கமெண்ட்ரி திருதிருவென்று விழித்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஸ்டுடியோக்காரர் முகத்துக்கு வந்தபோது, ஸ்டுடியோக்காரர் குனிந்து தன் ஷூ லேஸைப் பார்த்தார். பிறகு கமெண்ட்ரி, "சரி, நான்தான். காலையில, இறங்கினவுடனே. போதுமா?" என்றார்.

வழிகாட்டி ரேடியோவை எடுத்து, "காலையிலதானாம், அவசரம் இல்ல, பாக்கலாம்" என்று சொல்லிவைத்தாள். கமெண்ட்ரி இனிக் கரையிலும் இறங்கக் கூடாது, தண்ணீரிலும் இறங்கக் கூடாது என்றாயிற்று.

தப்பித்தோம் என்று ஸ்டுடியோக்காரருக்கு ஒரு நிம்மதி வந்தது. வந்த வேகத்திலேயே அது அவரைக் கூனிக் குறுகவும் வைத்தது. ஒத்துக்கொண்டது யாராக இருந்தால் என்ன, சொன்ன நேரம் தப்பு. அந்தத் தப்பு நேரத்தை நம்பித்தான் இப்போது ஒரு குட்டி பசியோடு கிடக்கிறது. அது இந்தக் கரையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்தும் மற்றவர்களோடு சேர்ந்து மாஸ்க்கைக் கழுவிக்கொண்டு நின்றார்.

தண்ணீருக்குள் போனால் அழுகை கேட்காது என்று முதல் ஆளாக இறங்கினார். மகள் ஆச்சரியப்பட்டு, "அப்பாவுக்குப் பயம் போயிடுச்சு" என்று அம்மாவிடம் கத்திச் சொன்னாள். முகத்தைத் தண்ணீரில் வைத்தார். நேற்றைக்குப் பிடித்த அதே அமைதி இன்று பிடிக்கவில்லை. ஆழத்திலிருந்து ஒரு கடல் சிங்கம் உருண்டு வந்து, அவர் மாஸ்க்குக்கு நேரே தலைகீழாக நின்று பார்த்தது. மற்றவர்களோடெல்லாம் விளையாடிவிட்டு வந்த விளையாட்டுத்தான். அதற்கு என்ன தெரியும்? ஆனாலும் இவருக்கு அந்தப் பெரிய கண்ணைப் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். குழாயில் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டே படகுக்குத் திரும்பினார்.

படகின் பின்தட்டில் கமெண்ட்ரி தனியாக உட்கார்ந்திருந்தார். அக்கா அவரோடு சாப்பிடக்கூட உட்காரவில்லை. எதைப் பார்த்தும் அவர் வாய் ஓடவில்லை. சொல்லிவிடலாம் என்று ஸ்டுடியோக்காரர் பக்கத்தில் போனார். போனவர், "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

கமெண்ட்ரி கோப்பையை வாங்கிக்கொண்டார். "நான் தொடல சார். எங்க அக்காகிட்ட நான் வாதாடி ஜெயிச்சதே இல்ல. ஒத்துக்கிட்டா விட்டுடுவாங்கன்னு வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். நீங்களாவது நம்பறீங்களா?"

"நம்பறேன்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"போதும் சார். நீங்க ஒருத்தர் நம்பினாப் போதும்" என்று கமெண்ட்ரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த விரலோடு சேர்த்துத்தான் பிடித்துக்கொண்டார். ஸ்டுடியோக்காரருக்கு அப்படியே கடலில் குதித்துவிடலாம் போலிருந்தது. குதிக்கவில்லை. டீ ஆறிவிடும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். மனுஷன் இவ்வளவு கேவலமாகவும் இருக்க முடியுமா என்று கேட்டால், முடியும். யாரும் பார்க்காதவரை முடியும்.

சூரியன் இறங்குகிற நேரத்தில் எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார்கள். மறுநாள் படகு துறைமுகத்துக்குத் திரும்புகிறது. கடைசிச் சாயங்காலத்தில் ஆளுக்கு ஒரு படம் கொடுக்க வேண்டும், அவற்றைத் திரையில் போட்டுக் காட்டுவார்கள். அது அந்தப் படகின் வழக்கம். ஸ்டுடியோக்காரர் கொடுக்கவே இல்லை. கேமராவைத் துணிமூட்டைக்கு அடியில் வைத்திருந்தார்.

ஆமைகள் வந்தன. அக்கா எடுத்த ஆமைப் படத்தில் பாதி அவருடைய கட்டைவிரல். எல்லோரும் சிரித்தார்கள், கமெண்ட்ரி தவிர. பிறகு திரையில் அந்த முகம் வந்தது.

கறுப்புப் பாறை. பொன் வெளிச்சம். கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் மேலே தூக்கிய முகவாய். இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு வெளிச்சப் பொட்டு.

அறை மொத்தமும் 'ஆ' என்றது. "எங்க வீட்டுக்காரர் எடுத்தது" என்று மனைவியின் குரல் பெருமையாகக் கேட்டது. "இவர் கூச்சப்பட்டுட்டுத் தரல. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"என்ன லென்ஸோ! எவ்வளவு தூரத்திலேருந்து எடுத்தாரோ!" என்றார் யாரோ. கைதட்டல். அவ்வளவு நேரம் ஊமையாக இருந்த கமெண்ட்ரிகூடத் தன்னை மறந்து, "அடடா, சொல்லிவச்ச மாதிரி போஸ் குடுத்திருக்கே!" என்றார்.

ஸ்டுடியோக்காரர் மகளைத் தேடினார். அவள் கைதட்டவில்லை. நீள லென்ஸ் பையை விட்டு வெளியே வரவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் அதையெல்லாம் யோசித்ததாகத் தெரியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாய்வு அவளுக்குப் புதிதில்லை. பிறந்ததிலிருந்து அதன் கீழேதான் பாடம் படித்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். ஸ்டுடியோச் சுவரில் மேலே தொங்குகிற முதல் முகமே அவளுடையதுதான்.

மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பிறகு தன் ஒற்றை விரலைத் தூக்கித் தன் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் செய்தாள்.

ஸ்டுடியோக்காரர் எழுந்து நின்றார்.

"நேத்து சாயந்தரம்" என்றார். கைதட்டல் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். "நேத்து சாயந்தரம்ங்க. நான்தான் தொட்டேன். இந்தப் படத்துக்காகத்தான். அவர் தொடல. காலையில இல்ல, நேத்து சாயந்தரம்."

வழிகாட்டி எழுந்து ரேடியோ இருந்த அறைக்கு ஓடினாள். ஓடுகிற சத்தம் இரும்புப் படியில் தடதடவென்று கேட்டது. திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

"என்னங்க சொல்றீங்க?" என்றாள் மனைவி. படத்தைத் தானே எடுத்துக் கொடுத்ததை நினைத்து அவள் முகம் சுண்டிப்போயிற்று.

அக்கா தம்பியிடம் திரும்பி, "அப்ப நீ ஏண்டா ஒத்துக்கிட்டே?" என்றார்.

"நீ எங்கக்கா விட்டே?" என்றார் தம்பி. அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஸ்டுடியோக்காரர் கமெண்ட்ரி முன்னால் போய் நின்று, "மன்னிச்சிடுங்க" என்றார். கமெண்ட்ரி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நம்பறேன்னு சொன்னீங்களே சார்" என்றார். எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார்.

விடிந்தபோது நங்கூரத்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள். காவல்காரர்களின் சின்னப் படகு கரையில் கிடந்தது. முதல் வெளிச்சத்திலேயே வந்துவிட்டார்களாம். "பிழைக்குமா?" என்று கேட்டதற்கு வழிகாட்டி, "தெரியாது. தாடையத் துடைச்சுவிட்டு, அம்மா மறுபடி ஏத்துக்குதான்னு பாப்பாங்க. நேத்துக் காலையிலயே சொல்லியிருந்தீங்கன்னா இன்னும் தெம்பா இருந்திருக்கும்" என்றாள். அதில் கோபமே இல்லை. நடந்ததைச் சொன்னாள்.

ஸ்டுடியோக்காரர் பின்தட்டில் கயிற்றுச் சுருளின்மேல் கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மகள் வந்தாள். அலமாரியின் அடித்தட்டில் கிடந்த பையைக் கொண்டுவந்து, நீள லென்ஸை எடுத்துக் கேமராவில் மாட்டி அவரிடம் நீட்டினாள். நேற்றுச் சாயங்காலத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசவில்லை.

"வேண்டாம்மா."

"எடுக்கச் சொல்லலப்பா. பாக்கச் சொல்றேன்."

வாங்கிக் கண்ணில் வைத்தார். கரை துள்ளியது, பாறை துள்ளியது, மனிதர்கள் துள்ளினார்கள். நீள லென்ஸ் பிடித்துப் பழகாத கையில் ஒன்றும் நிற்கவில்லை. யாரோ கேமராவை அவர் கையிலிருந்து எடுத்தார்கள். கமெண்ட்ரி.

"நான் உங்ககிட்ட பேசல" என்றார் கமெண்ட்ரி, கண்ணைக் கேமராவில் வைத்தபடி. "காத்துகிட்ட பேசறேன்."

பிறகு ஆரம்பித்தார்.

"ரெண்டு பேர் நிக்கறாங்க. ஒருத்தர் உக்காந்திருக்கார். கையில உறை. துணிய நனைக்கறார். தாடையத் துடைக்கறார். குட்டி கத்துது, நல்லாக் கத்துது, வாயெல்லாம் தெரியுது. விட்டுட்டாங்க. எல்லாரும் பின்னால போறாங்க. இன்னும் பின்னால. குட்டி தனியா நிக்குது."

படகு நகரத் தொடங்கியது. ஸ்டுடியோக்காரர் தலையைத் தூக்கவில்லை.

"தண்ணிக்குள்ள ஒரு தலை. ஆமா, வருது. கரை ஏறுது. நின்னுடுச்சு. பாக்குது. குட்டி போகுது, விழுந்து எந்திரிச்சுப் போகுது. கிட்ட வந்தாச்சு. அது குனியுது. மோந்து பாக்குது." கமெண்ட்ரியின் குரல் இறங்கியது. "விலகல. இன்னும் மோந்து பாக்குது. திரும்பவும் மோந்து..."

நிறுத்திவிட்டார்.

"என்ன ஆச்சு?" என்றார் ஸ்டுடியோக்காரர். "சொல்லுங்க சார். என்ன ஆச்சு?"

"பாறை மறைச்சிடுச்சு."

கேமராவை மகளிடம் கொடுத்துவிட்டுக் கமெண்ட்ரி உள்ளே போனார். கறுப்புத் தீவு கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதானது. மகள் அப்பாவுக்குப் பக்கத்தில் கயிற்றுச் சுருளின் இன்னொரு ஓரத்தில் உட்கார்ந்தாள். தோள் படவில்லை, அந்த அளவுக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்தாள். அழுது வீங்கிய முகம். காலை வெளிச்சம் ஒரு பக்கமாக வந்து, அவள் கண்ணில் விழாமல் கன்னத்தோடு நின்றிருந்தது. ஒரு பொடி அளவு திரும்பினால் போதும்.

அவருடைய கை மடியை விட்டு எழுந்தது. பாதி தூரம் போனதும் அவரே அதைப் பார்த்துவிட்டார். மகளும் பார்த்தாள்.

கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். துறைமுகம் வரும்வரை எடுக்கவில்லை.